சாமந்திக்கு எதற்கு ராத்திரி வெளிச்சம்?

வீட்டுக்குள் பூக்கும் செடிகள் – தொடர் 9

பலமநேரிலிருந்து வி.கோட்டா, குப்பம் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகியிருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் கும்மிருட்டு. திடீரென்று ஒரு வயல் மட்டும் கல்யாண வீடு மாதிரி வெளிச்சமாக நிற்கும். கிட்டே போனால் பந்தலும் இல்லை, ஆளும் இல்லை. முழங்கால் உயரத்துக்கும் குறைவான சாமந்திச் செடிகள். வரிசை வரிசையாகக் கொம்பு நட்டு, அதில் இழுத்துக் கட்டிய வயர். சில அடிக்கு ஒரு ஹோல்டர், அதில் ஒரு பல்பு. சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மண்டலங்களில் மட்டுமல்ல, எல்லை தாண்டி கோலாரிலும் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் இதே ஏற்பாடுதான்.

பூச்செடி வளர்க்க வீட்டுக்குள் மாட்டிய விளக்கை எப்போது மாற்றலாம், இன்னும் சக்தி கூடிய விளக்கு வாங்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. கடைக்காரர் சொல்லும் பதிலைவிட இந்தச் சாமந்தி வயல்கள் சொல்லும் பதில் நம்பகமானது. குண்டு பல்பு, சி.எஃப்.எல்., எல்.இ.டி. என்று விளக்கை மாற்றிக்கொண்டே வந்தவர்கள் அந்த விவசாயிகள். மாற்றியதில் தப்பு நடந்தால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும்.

முதலில், அந்தப் பல்பு அங்கே என்ன வேலை செய்கிறது? செடி வளரத்தான் வெளிச்சம் என்று தோன்றும். இல்லை. உச்சிவெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். வயலில் தொங்கும் பல்பு செடியின் மேல் கொட்டுவது சுமார் 100 லக்ஸ். இதை வைத்து எந்த இலையும் உணவு தயாரிக்க முடியாது. அது வந்திருப்பது சாமந்தியின் ராத்திரியை இரண்டாக உடைப்பதற்கு.

சில செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னரும் அலார்டும் 1920-ல் ஒரு புகையிலை ரகத்தை வைத்து எழுதினார்கள். 1938-ல் ஹாம்னரும் பான்னரும் அதைத் திருத்தினார்கள். நம் ஊர்ப் புறம்போக்குகளில் முள்காய் ஒட்டும் மருளூமத்தை இருக்கிறதே, அதன் இனச் செடியை எடுத்துக்கொண்டார்கள். நீண்ட ராத்திரியின் நடுவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டியதும் செடி பூக்க மறுத்தது. அதாவது செடி அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை. 1952-ல் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழு இன்னொன்றைக் கண்டது: சிவப்பு ஒளி (660 நானோமீட்டர் அளவில்) செய்யும் வேலையை, கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் இருக்கும் தொலைசிவப்பு ஒளி (730 அளவில்) அழித்துவிடுகிறது. இலைக்குள் இருக்கும் ஃபைட்டோக்ரோம் என்ற நிறமிதான் இந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறது. பல்பு வாங்கும்போது இந்த 660 என்ற எண் நமக்கு உதவும்.

சாமந்தி நீண்ட ராத்திரிக்குப் பூக்கிற செடி. பகல் பதின்மூன்று, பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் அரும்பு கட்டத் தொடங்கும். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும். திருப்பதியில் ஜூன் மாதத்து நீண்ட பகலே சுமார் 12 மணி 55 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். அந்தி வெளிச்சத்தையும் சேர்த்தால் ஜூனில் எல்லையைத் தொடும், அவ்வளவுதான். ஆக, குளிர்காலத்தில் நாற்று நட்டால் செடி சாண் உயரத்திலேயே அரும்பு கட்டிவிடும். கிளை இல்லை, காம்பு இல்லை, நாலு சின்னப் பூவோடு முடிந்தது கதை. அதைத் தடுக்கத்தான் ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை பல்பு எரிகிறது. செடி இன்னும் கோடைக்காலம் என்று நினைத்துக் கிளைவிட்டுக்கொண்டே இருக்கும். விளக்கை நிறுத்திய நாளிலிருந்து, ரகத்தைப் பொறுத்து, எட்டுப் பத்து வாரத்தில் பூ.

இந்தக் கணக்கில் இருக்கும் அழகை நான் எத்தனை முறை நினைத்தாலும் அலுப்பதில்லை. பண்டிகைத் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணி, ‘இன்றைக்கு சுவிட்சை அணை’ என்று ஒரு விவசாயி முடிவு செய்கிறார். தானாகப் பூக்கும் கார்த்திகை, மார்கழியில் எல்லா வயலும் ஒன்றாகப் பூத்து விலை சரியும். மற்ற மாதங்களில் வருகிற முகூர்த்தத்துக்கும் பூஜைக்கும் பூ வேண்டுமே. அதிலும் திருப்பதி பக்கத்தில் இருக்கிறது. திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது வழக்கம். மலைமேல் பெண்கள் தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை. ராமானுஜர் காலத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து போய் அங்கே நந்தவனம் போட்ட அனந்தாழ்வான் பெயரில் இன்றும் மலைமேல் தோட்டம் இருக்கிறது. கார்த்திகை மாதத்துப் புஷ்ப யாகத்துக்குப் பூ டன் கணக்கில் போகிறது.

சரி, பல்புக்கு வருவோம். ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. பத்தடிக்குப் பத்தடி ஒரு பல்பு என்றால் 435 பல்பு. 100 வாட் குண்டு பல்பு போட்டால் 43 கிலோவாட்டுக்கும் மேல். நாலு மணி நேரத்துக்கு 174 யூனிட், ஒரே ராத்திரியில். 25 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தாங்காது. 20 வாட் சி.எஃப்.எல். என்றால் சுமார் 35 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் 16-ஐத் தொடாது. 2015-ல் உஜாலா திட்டம் வந்து எல்.இ.டி. பல்பின் விலை இறங்கிய பிறகு எந்த விவசாயிக்கும் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மாற்றும்போது இடறக்கூடிய இடம் ஒன்று உண்டு. குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு தாராளம். எல்.இ.டி.யில் பளீரென்ற வெள்ளையை வாங்கினால் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம், ஃபைட்டோக்ரோமுக்குத் தேவையான சிவப்போ குறைவு. அதே வாட்டில் மஞ்சள் கலந்த வெள்ளை பல்பு இந்த வேலைக்கு மேல். பெட்டியில் லூமென் எத்தனை என்று பார்த்து வாங்குவது மனிதக் கண்ணுக்குச் சரி. செடிக்கு அது பாதிச் செய்திதான்.

பல்பு போதவில்லை என்பதை வயல் தானே காட்டிவிடும். ஒரு பல்பு ஃபியூஸ் போய் நாலைந்து நாள் யாரும் கவனிக்காவிட்டால், சரியாக அதன் அடியில் வட்டமாக ஒரு திட்டு அரும்பு கட்டியிருக்கும், சுற்றிலும் பச்சை. இரண்டு பல்புக்கு நடுவே மட்டும் அரும்பு தெரிந்தால் பல்பு கெடவில்லை, மங்கிவிட்டது, அல்லது இடைவெளி அதிகம். லக்ஸ் மீட்டரைப் பல்புக்கு நேர் கீழே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை; இரண்டு பல்புக்கு நடுவில், செடி நுனி உயரத்தில் பார்க்க வேண்டும். அங்கே 100-ஐ ஒட்டி இருந்தால் புதுப் பல்பு தேவையில்லை. மாற்றுவதென்றால் ஒரு பயிர் முடிந்து அடுத்தது நடுவதற்கு முன். நடுவில் மாற்றினால் பாதி வயல் ஒரு கணக்கிலும் மீதி வேறு கணக்கிலும் பூத்து, பறிப்புக் கூலி இரட்டிப்பாகும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். திருப்பதி, சித்தூர் நர்சரிகளில் கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் தொட்டிச் சாமந்தி, கலஞ்சோ, பாயின்செட்டியா மூன்றும் நீண்ட ராத்திரிக்குப் பூப்பவை. பூத்த தொட்டியை வாங்கி வருகிறோம். ஒரு முறை பூத்து ஓய்ந்த பிறகு ஹாலில் விளக்கடியில் வைத்து, ராத்திரி பதினொன்று வரை எரியவிடுகிறோம். இலை செழிக்கிறது, பூ வரவில்லை. வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பெரிய விளக்கு வாங்குகிறோம். செடி இன்னும் உறுதியாகப் பூக்க மறுக்கிறது. இங்கே வாங்க வேண்டியது ஒரு டைமர். அதுவும் இல்லாமல் சுவிட்சைக் கையால் அணைத்தாலே போதும். தெருவிளக்கு நேராக அடிக்கும் பால்கனியும் இதே தொல்லையைத் தரும். அங்கே தொட்டியை இடம் மாற்றுங்கள்.

நிஜமாகவே விளக்கை மாற்ற வேண்டிய நேரம் வேறு. அது உணவுக்கான வெளிச்சம் குறையும்போது. வீட்டு அறையில் நாம் வசதியாகப் படிக்கிற வெளிச்சம் 300 லக்ஸ் இருக்கும். விளக்கடியில் நன்றாகப் பூக்கும் ஆப்பிரிக்க வயலட்டுக்கே எட்டாயிரம், பத்தாயிரம் லக்ஸ், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். மல்லிகை, ரோஜா, செம்பருத்தி எல்லாம் இதைவிடப் பல மடங்கு கேட்பவை. அவற்றை விளக்கில் பூக்க வைக்கலாம் என்று பணம் செலவழிக்காதீர்கள், மொட்டை மாடி இருக்கிறது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலை பழைய இலையைவிடச் சிறுத்து, தண்டு விளக்கைப் பார்த்துச் சாய்ந்தால் செடி பட்டினி கிடக்கிறது என்று பொருள். உடனே கடைக்கு ஓட வேண்டாம். விளக்கின் முகத்தில் படிந்த தூசியை, சமையலறை பக்கம் என்றால் எண்ணெய்ப் பிசுக்கை, ஈரத்துணியால் துடையுங்கள். விளக்கை அரையடி கீழே இறக்குங்கள். இரண்டு வாரம் பாருங்கள்.

அப்படியும் தேறவில்லை என்றால் அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் பழைய அளவு வேண்டுமே! விளக்கு வாங்கிய அன்றே போனில் இருக்கும் லக்ஸ் செயலியைச் செடி நுனி உயரத்தில் பிடித்து, வரும் எண்ணையும் தேதியையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி விளக்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள். அதே போன், அதே உயரம், அதே இடம். எண் 70 சதவீதத்துக்கு இறங்கும்போது மாற்றலாம். ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் எரியும் விளக்குகளுக்கு லக்ஸை நம்பி இவ்வளவு போதும் என்று சொல்ல முடியாது. அந்தச் செயலி மனிதக் கண்ணின் கணக்கில் அளக்கிறது. குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட மட்டும் அங்கே உதவும். 25,000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதிய எல்.இ.டி.யைத் தினம் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் ஐந்தரை வருஷத்துக்கு மேல் வர வேண்டும். மே மாதத்துத் திருப்பதி வெயிலில், தகரக் கூரைக்கு அடியிலோ மூடிய அலமாரிக்குள்ளோ மாட்டினால் வராது. சூடு முதலில் கெடுப்பது உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்றை. மினுக்கத் தொடங்கிவிட்டால் காத்திருக்காதீர்கள். இன்னும் பழைய 36 வாட் குழல் விளக்கில் வயலட் வளர்ப்பவர்கள், அது எரிகிறதே என்று விட்டுவைக்க வேண்டாம். ஓரம் கறுப்பதற்கு முன்பே அதன் வெளிச்சம் குறைந்திருக்கும். இன்றைக்கே எல்.இ.டி.க்கு மாறிவிடலாம்.

ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் பூக்கவில்லை என்று விளக்கை மாற்ற நினைப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அதற்குப் பூங்காம்பு கிளம்ப, பகலிலும் 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி சில வாரங்கள் தொடர்ந்து வேண்டும். திருப்பதியில் அது மார்கழி, தையில்தான் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அந்த மாதங்களில் ஜன்னலோரம் வையுங்கள். விளக்குக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டில் பூக்காத சாமந்தித் தொட்டி இருக்கிறவர்கள் இந்த வாரமே தொடங்கலாம். செடி நன்றாகக் கிளைத்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஆறு வரை, விளக்கே போடாத அறையில் வையுங்கள். பகலில் வெயிலுக்கு எடுத்து வாருங்கள். ஒரு ராத்திரியும் தவற வேண்டாம், நடுராத்திரியில் அந்த அறையின் விளக்கைப் போடவும் வேண்டாம். மூன்று வாரத்தில் நுனியில் பட்டாணியைவிடச் சிறிதாகப் பச்சை அரும்பு தெரியும். அதற்குப் பிறகும் நிறம் தெரியும் வரை இதே ஒழுங்கைத் தொடருங்கள்.

(தொடரும்)