அகராதி வேறு, பாலபாடம் வேறு

ஒரு மொழியைப் புதிதாகக் கற்க விரும்புபவரிடம் தடித்த அகராதி ஒன்றைக் கொடுத்து, "எல்லாச் சொற்களும் இதில் உள்ளன, படித்துக்கொள்ளுங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? அகராதியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சொல்லைத் தேடுவது என்பதே அவருக்குத் தெரியாதே! கணிப்பொறிக் கட்டளைகளைக் கற்கப் புகுவோரின் நிலையும் பெரும்பாலும் இதுதான்.

திரையில் உள்ள படங்களைச் சொடுக்கிக் கணிப்பொறியிடம் வேலை வாங்குவது ஒரு முறை. விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்குவது மற்றொரு முறை. பின்னது பழைய முறையே எனினும் வழக்கொழிந்ததன்று. உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்று வருபவை அனைத்தும் லினக்ஸ் இயக்க முறைமையில் இயங்குபவை. அவற்றில் பணிபுரிவோர் கட்டளைகளையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

கையேடு பிறந்த கதை

லினக்ஸின் முன்னோடி யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் எழுதிய அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3 எனத் தேதியிடப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், அமைப்பு, விளக்கம், குறைகள் என்பன போன்ற தலைப்புகளில் குறிப்புகள் இருந்தன. இன்றும் எம்-ஏ-என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, அருகில் கட்டளையின் பெயரை எழுதினால், ஏறத்தாழ அதே அமைப்பில் குறிப்பு திரையில் தோன்றும்.

இக்கையேடு, தொழில் தெரிந்தவர்கள் தம் சகாக்களுக்கு எழுதியது. ஆகவே அது அகராதி. புதியவர்களுக்குத் தனியாகப் பாலபாடம் வேண்டும் என்பதை அதே ஆய்வுக்கூடத்தின் பிரையன் கெர்னிகன் உணர்ந்தார். அவர் தொடக்கநிலையாளருக்கென எழுதிய யூனிக்ஸ் அறிமுகத்தின் இரண்டாம் பதிப்பு 1978இல் வந்தது.

ஓர் இடைவெளியின் விலை

அகராதி மட்டும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஆர்-எம் என்பது கோப்புகளை அழிக்கும் கட்டளை. அதன் பின் உடுக்குறியும் (*), அதை ஒட்டி .டிஎக்ஸ்டி என்பதும் எழுதினால், அவ்வாறு முடியும் கோப்புகள் மட்டும் அழியும். ஆனால் உடுக்குறிக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டால்? "எல்லாக் கோப்புகளும்" என்று பொருளாகிவிடும். பொதுவாக, கேள்வி எதுவும் கேட்காமலே அந்தக் கோப்புறையின் கோப்புகள் மறைந்துவிடும். எடுத்து மீட்கக் குப்பைக்கூடையும் இல்லை.

லினக்ஸில் ஆர்-எம் பற்றிய பக்கத்தைப் புரட்டினால் இந்த எச்சரிக்கை கிடைக்காது. ஏன்? உடுக்குறிக்குப் பொருள் காண்பது ஆர்-எம் அன்று. கட்டளையை முதலில் வாங்கிக்கொள்ளும் ஷெல் என்னும் நிரல். எனவே அதன் விளக்கம் ஷெல்லின் பக்கத்தில் இருக்கிறது. இரு பக்கங்களும் சரி; ஆபத்து இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. "முதலில் எல்-எஸ் கட்டளையுடன் அதே குறியைத் தந்து, எவை சிக்குகின்றன என்று பாருங்கள், பிறகு அழியுங்கள்" என்று ஒரு வரி எழுதுவது பாலபாடத்தின் வேலை.

எப்படி எழுதலாம்?

1980களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் கரோல், புதியவர்கள் கணிப்பொறி கற்பதை உடனிருந்து கவனித்தார். அவர்கள் நீண்ட முன்னுரைகளைப் படிக்கவில்லை. உடனே செய்து பார்க்கத் துணிந்தார்கள். தவறியபோது மீளும் வழி தெரியாமல் திகைத்தார்கள். ஆகவே சுருக்கமாகவும், வேலையை முன்வைத்தும், தவறிலிருந்து மீளும் வழியைச் சொல்லியும் எழுதுவதே சிறந்தது என்றார்.

நம் இயற்பியல் செய்முறைக் குறிப்பேட்டின் அமைப்பே இதற்குப் பொருந்தும்:

நோக்கம்: "பாடம்" என்ற கோப்புறையை உண்டாக்குதல்.

செய்முறை: எம்-கே-டி-ஐ-ஆர் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுப் பெயரை எழுதி, என்டர் விசையை அழுத்துக.

காண்பது: திரையில் செய்தி ஏதும் வராது. மௌனமே வெற்றியின் அடையாளம்.

சரிபார்த்தல்: எல்-எஸ் என்று தட்டினால் புதிய பெயர் பட்டியலில் தெரியும்.

தவறினால்: "ஏற்கெனவே உள்ளது" என்னும் பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், வேறு பெயர் தருக.

முன்னெச்சரிக்கை: பெயரின் நடுவே இடைவெளி விட்டால் இரண்டு கோப்புறைகள் உண்டாகும்.

"காண்பது" என்ற பகுதியைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். விடை வராததைக் கண்டு, தான் தவறிவிட்டதாக எண்ணி அதே கட்டளையை மீண்டும் தட்டும் மாணவனை நினைத்துப் பாருங்கள்! இம்முறை பிழைச்செய்தி வரும். அவன் அச்சம் உறுதியாகிவிடும். ஒரே ஒரு வாக்கியம் அவனைக் காப்பாற்றியிருக்கும்.

இத்தகைய குறிப்பை எழுத நிபுணராக வேண்டியதில்லை. சொல்லப்போனால், நேற்றுக் கற்றவருக்கே இன்று எது கடினம் என்பது நினைவிருக்கும். நீங்கள் ஒரு கட்டளையைக் கற்ற அன்றே அதைத் தமிழில் எழுதி வையுங்கள். ஒரு நண்பரிடம் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் அமர்ந்து கவனியுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே திருத்த வேண்டியது அவரை அன்று, உங்கள் வாக்கியத்தை.