டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒட்டுவேலை வேண்டாம்

பழைய காரை மீட்டெடுக்க நினைப்பவர் பெரும்பாலும் பெயின்ட்டுக்கும் குரோம் பூச்சுக்கும் சீட்டுக்கும்தான் முதலில் பணம் ஒதுக்குகிறார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயரிங் கண்ணில் படாது. அதனால் செலவுக் கணக்கிலும் வராது. ஏதாவது ஒரு விளக்கு எரியவில்லை என்றால், அந்த ஒரு வயரை மட்டும் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். வயர்கள் முதிர்ந்து கெட்டுவிட்ட காரில், டேஷ்போர்டு வயரிங் முழுவதையும் பழைய நிறமும் பழைய பாதையும் மாறாமல் புதிதாகக் கட்டுவதே சரி. பயணம் செய்பவரின் உயிரை மட்டுமல்ல, அந்தக் காரின் பழமையையும் காப்பாற்றும் வழி அதுதான்.

நம் சாலைகளில் மிஞ்சியிருக்கும் பழைய கார்களில் பல பிரிட்டிஷ் வழி வந்தவை. மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்த அம்பாசடரும், ட்ரையம்ப் ஹெரால்டை அடியொற்றிச் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படிப்பட்டவை. இவ்வகைக் கார்களின் மின்சாதனங்கள் பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸின் மரபைச் சேர்ந்தவை. அதே லூகாஸின் கூட்டுமுயற்சியாகத்தான் 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டது. அந்த மரபில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரத்துக்குப் பழுப்பு, சாவியைத் திருப்பிய பிறகு வருவதற்கு வெள்ளை, அது பியூஸைக் கடந்ததும் பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், பின்விளக்குக்கும் பார்க்கிங் விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. 1950, 60களின் இத்தகைய கார்கள் பலவற்றில் இரண்டே இரண்டு பியூஸ்கள்தான். ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் அந்த இரண்டுக்குள் அடக்கம். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது. பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு வயரும் எந்தத் தடுப்பும் இல்லாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்து சுவிட்சுகளைச் சேர்கிறது. ஆம்மீட்டர் உள்ள கார் என்றால் ஸ்டார்ட்டர் நீங்கலாகக் கிட்டத்தட்ட மொத்த மின்சாரமும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். பழுப்பு வயரின் மேலுறை எங்காவது உரிந்து தகரத்தில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும் வல்லமை பேட்டரிக்கு உண்டு. அதை நிறுத்த நடுவில் எதுவும் இல்லை. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, ரெக்ஸினுக்கும் அட்டைக்கும் நடுவே, வயர் பழுக்கக் காய்ந்துவிடும்.

புதிதாக இருந்தவரை அந்த அமைப்பு தன் வேலையைச் சரியாகவே செய்தது. கெடுத்தது காலம்தான். ரப்பர் உறை வெடிக்கிறது, பி.வி.சி. உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்ல வெளியேறி, உறை விறைத்து நொறுங்குகிறது. தகர ஓட்டைகளில் வயரைக் காக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து உதிர்கின்றன. உள்ளே செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் போகிறது; இணைப்புகளில் மின்தடை ஏறுகிறது. அந்தத் தடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பாதிப்பு சிறியதல்ல. 60 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். வழியில் ஒரே ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலும் அங்கே 1 வோல்ட் தொலைந்துவிடும். 10 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். சுற்றியிருக்கும் உறையை அந்தச் சூடு மேலும் காயவைக்கும். இன்னொரு பக்கம், 12 வோல்ட் பல்புக்கு 11 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துபோகும். பழைய காரின் விளக்கு மங்கல்தான் என்று பலரும் ஏற்றுக்கொள்ளும் குறைக்குக் காரணம் பல நேரம் விளக்கு அல்ல, வயரிங்தான்.

மங்கலைப் போக்க நூறு வாட் பல்பு மாட்டுவது இதைவிட ஆபத்து. இரண்டு பல்புகளுக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். 45 வாட் பல்புகளுக்காகப் போட்ட வயரும் சுவிட்சும் அதில் பாதிக்கும் குறைவான சுமைக்கானவை. அதோடு பாட்டுப் பெட்டி, இரட்டை ஹாரன், மின்விசிறி என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த கூடுதல் இணைப்புகள் வேறு. கையில் கிடைத்த நிறத்தில், அருகில் இருந்த வயரைச் சுரண்டி எடுத்த இணைப்புகள் அவை. இந்த நிலையில் கெட்டதை மட்டும் மாற்றினால் போதாதா, செலவு மிச்சமாகுமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரே காலத்தில், ஒரே வெப்பத்தில் கிடந்த வயர்கள் ஒன்றாகவே முதிர்கின்றன. விறைத்துப்போன கட்டைப் பிரித்து ஒன்றை மாற்றும்போதே பக்கத்து வயர்களின் உறை விரிசல் விடுகிறது. போடும் ஒவ்வொரு ஒட்டும் புதிதாக இரண்டு இணைப்புகளை, அதாவது தடை ஏறக்கூடிய இரண்டு இடங்களை, உண்டாக்குகிறது. இன்று மிச்சமாகும் பணம் அடுத்த பழுதுக்கான முன்பணம்தான்.

வயரிங்கை மாற்றினால் காரின் அசல் தன்மை போய்விடும் என்று சேகரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய பொருள் ஒருமுறை போனால் போனதுதான். ஆனால் கறையான் அரித்த கழிகளை மாற்றிப் பழைய ஓடுகளையே திரும்ப வேய்ந்த வீடு அதே வீடுதான். கழியை மாற்றாமல் விட்டால் ஓடும் மிஞ்சாது. சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவதற்கு மத்திய அரசு 2021-இல் வகுத்த விதிகள் அசல் வடிவத்தைக் கேட்கின்றன. சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அந்தப் பட்டியலில் வயரிங் இல்லை. அசல் கட்டைக் கழற்றி எறியாமல் பத்திரப்படுத்தினால் வரலாற்றுச் சான்றும் கையில் இருக்கும்.

மாற்றுவதென்று முடிவான பிறகு, எல்லாவற்றையும் நவீனமாக்கிவிடலாமே என்று எதிர்த்திசையிலிருந்து ஒரு குரல் வரும். அதில் பாதி சரி. ஹெட்லைட்டுக்கு ரிலேயும் தனி பியூஸும், பழுப்பு வயருக்கு ஒரு முதன்மை பியூஸும் சேர்ப்பது அவசியம். இவற்றை மறைவாக, உடலில் ஓட்டை போடாமல், எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடியதாகப் பொருத்தலாம். ஆனால் நிறமுறையை மாற்றுவது தவறு. லூகாஸ் நிற வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனும் இன்னும் இருபது ஆண்டு கழித்தும் பழுதைக் கண்டுபிடிப்பார். எல்லா வயரும் ஒரே சிவப்பாக இருந்தால் கட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் வழி தெரியாது. பியூஸ் வாங்கும்போதும் கவனம் தேவை. லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் பியூஸை அந்த இடத்தில் மாட்டினால் வயருக்கான காவல் குறைந்துபோகும்.

செய்யும் முறையிலும் பொறுமைதான் முக்கியம். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் சீட்டு கட்டி, படம் எடுத்து, பழைய கட்டை அறுக்காமல் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். பலகையில் விரித்தால் நீளமும் கிளைகளும் அதிலேயே கிடைக்கும். 1 சதுர மில்லிமீட்டர் சாதாரண வயர் சுமார் 8 ஆம்பியருக்கும், 2 சதுர மில்லிமீட்டர் சுமார் 17 ஆம்பியருக்கும் ஏற்றது என்ற கணக்கில் தடிமனைத் தேர்ந்தெடுக்கலாம். முனைகளை அதற்கான கருவியால் அழுத்திப் பிடிக்க வைப்பது நல்லது. ஈயப்பற்று வைத்த வயர், பற்று முடியும் இடத்தில் விறைத்து, அதிர்வில் ஒடியும். மீட்டர்கள் பல டேஷ்போர்டுத் தகரத்தின் வழியாகவே எர்த் எடுப்பவை. புது பெயின்ட் அதைத் தடுக்கும் என்பதால் தனி எர்த் வயர் தேவைப்படலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு சேர்ந்திருக்கும். மின்னணுச் சாதனம் மாட்டும் முன் அதைப் பார்த்தாக வேண்டும். வேலை முடிந்ததும் பேட்டரியை நேரே இணைக்காமல், இடையில் 21 வாட் பல்பு ஒன்றை வைக்க வேண்டும். எல்லாம் அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் புது வயர் தப்பிக்கும்.

இத்தனை காலம் ஓடிய வயரை ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: சோதித்துப் பாருங்கள். உறை வளைகிறதா என்று கை சொல்லிவிடும்; விளக்கு எரியும்போது பேட்டரிக்கும் பல்புக்கும் இடையே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று மீட்டர் சொல்லிவிடும். நன்றாக இருந்தால் தொட வேண்டாம். கெட்டிருந்தால், பெயின்ட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வயரிங்குக்குக் கொடுங்கள். பெயின்ட்டை அடுத்த ஆண்டு அடிக்கலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் பிடித்த தீ காரையே மிச்சம் வைக்காது.