ஸ்ட்ரீக் உடைந்தால் மூளையும் பூஜ்யத்துக்குப் போகுமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பல வருடங்களாகக் காலைக் காபி குடித்ததும் மொட்டைமாடிக்குப் போய், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அங்கேயே இருபது நிமிடம் நடப்பாராம். யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த ஜனவரி முதல் தேதி அதை விட்டுவிட்டு விடியற்காலை ஐந்து மணி, பூங்கா, பத்தாயிரம் காலடி என்று ஒரு தீர்மானம் எடுத்தார். எண்ணுவதற்குக் கைபேசியில் ஒரு செயலி. பொங்கலுக்கு மாமியார் ஊருக்குப் போனதில் இரண்டு நாள் தவறியது. செயலி, விடாமல் செய்த நாள்களின் எண்ணிக்கையான 'ஸ்ட்ரீக்'கைப் பூஜ்யமாக்கி, அழுகிற முகம் ஒன்றையும் காட்டியது. பூங்கா நின்றுபோனது. வேடிக்கை என்னவென்றால் மாடி நடையும் கூடவே நின்றுவிட்டது. "மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமா? 21 நாள் விதி எனக்கு எப்போதுதான் முடியும்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த எண்களைத் தீர்த்துவிடுவோம். சரித்திரத்துக்கு இந்த ஒரு பத்தி போதும். 21 நாளில் ஒரு பழக்கம் படிந்துவிடும் என்பது எந்தப் பழக்க ஆய்விலிருந்தும் வந்ததில்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். பின்னால் வந்தவர்கள் 'குறைந்தது'வையும் 'சுமார்' என்பதையும் கழற்றிவிட்டு, மூக்கையும் மறந்துவிட்டு, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பத்தாயிரம் காலடியின் பூர்வீகம் இன்னும் மோசம்: 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயர் அது. 2019-இல் வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், தினமும் சுமார் 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

அப்படியானால் ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2010-இல் அச்சானது. ஒவ்வொருவரும் அன்றாடம் நடக்கும் ஒன்றோடு ஒரு புதுச் செயலைக் கட்டிப்போட வேண்டும். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமலேயே அது நடக்கிறதா என்று தினமும் அவர்களே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு 18 நாளில் படிந்தது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது (ஆய்வே 84 நாள்தான், மீதி, மதிப்பெண் ஏறிய வளைகோட்டை நீட்டிப் பார்த்த அனுமானம்). நடுவில் நிற்பவருக்கு 66 நாள். இதற்குள் '66 நாள் சவால்' என்று அதையும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 96 பேரில் 39 பேருக்குத்தான் அந்த வளைகோடு நன்றாகப் பொருந்தியது என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது 66 இல்லை. இடையில் ஒரு நாள் தவறவிட்டவர்களையும் அவர்கள் கணக்கில் பார்த்தார்கள். மதிப்பெண் துளி இறங்கியது. மறுநாள் செய்ததும், விட்ட இடத்தை ஒட்டியே ஏற்றம் தொடர்ந்தது. பூஜ்யம் என்ற பேச்சே இல்லை.

ஏன் இல்லை என்பதைப் பார்க்க அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எலிகள் ஓடும் இடத்துக்குப் போகவேண்டும். ஆன் கிரேபியல் என்ற நரம்பியலாளரின் ஆய்வகம் அது. ஓடுபாதை முச்சந்தி மாதிரி இருக்கும். 'கிளிக்' என்று ஒரு சத்தம், கதவு திறக்கும், எலி ஓடும். பாதி வழியில் கேட்கும் ஒலி, இடமா வலமா என்று சொல்லும். சரியாகத் திரும்பினால் சாக்லேட். எலியின் மூளைக்குள் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழமான பகுதியில் மெல்லிய மின்முனைகள் செருகியிருப்பதால், எந்த நியூரான் எந்த நொடியில் துடிக்கிறது என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும்.

ஆரம்பத்தில் ஓட்டம் முழுக்க அந்த நியூரான்கள் சளசளக்கின்றன. கதவு, தரை, மூலை, ஒலி, திருப்பம் என எல்லாவற்றுக்கும் துடிப்பு. நாள் போகப்போக நடுவழிச் சளசளப்பு அடங்குகிறது. கதவு திறக்கும்போது ஒரு பெரிய துடிப்பு, சாக்லேட்டை எட்டும்போது இன்னொன்று, இடையில் கிட்டத்தட்ட அமைதி. ஓட்டம் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இரண்டு முனையிலும் அடைப்புக்குறி போட்டு வைத்துவிட்டது மூளை. இனிமேல் 'கிளிக்' கேட்டால் போதும், பொட்டலம் தானாகப் பிரியும். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் கால் மாடிப்படியை நோக்கிப் போவதன் பின்னணியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். எலியிலிருந்து வாசகிக்குத் தாவுவது பெரிய தாவல்தான், ஆனாலும் ஸ்ட்ரையேட்டம் நமக்கும் உண்டு. பழகிய செயல்களில் அதற்குப் பங்கு இருப்பது மனிதர்களிடமும் தெரிந்த விஷயம்.

இனிமேல்தான் ருசியான இடம். 2005-இல் வெளியான ஆய்வில், நன்கு பழகிய எலிகளுக்குச் சாக்லேட்டை நிறுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஓட்டத்தில் இருந்த சுறுசுறுப்பு போயிற்று. மூளையிலும் அந்த இரட்டைத் துடிப்பு கலைந்தது. பழக்கம் அழிந்துவிட்டது என்றுதான் யாரும் எழுதியிருப்பார்கள். பிறகு சாக்லேட்டைத் திருப்பி வைத்தார்கள். முதலில் மாதிரி மெல்ல மெல்லப் பழகவில்லை. பழைய வடிவம், முனைகளும் அமைதியும் சேர்ந்து, சட்டென்று திரும்பி வந்தது. அது எங்கும் போயிருக்கவில்லை. மேலே ஏதோ மூடியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை எப்போதும் கெட்ட செய்தியாகவே சொல்கிறார்கள். சிகரெட்டை விட்டவருக்குப் பழைய டீக்கடை வாசலில் கை ஏன் பாக்கெட்டுக்குப் போகிறது என்பதற்கு விளக்கமாக. ஆனால் ஸ்ட்ரையேட்டத்துக்கு நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்ற பேதம் கிடையாது. சிகரெட் பொட்டலம் அழியாது என்றால் மாடி நடைப் பொட்டலமும் லேசில் அழியாதுதானே? தன்முன்னேற்றப் புத்தகக்காரர்கள் யாரும் இதை ஏன் அட்டையில் போடவில்லை என்று யோசித்திருக்கிறேன். புதிதாக எதையும் விற்க முடியாத செய்தி என்பதால் இருக்கலாம்.

வீட்டிலுள்ள இரும்புத் தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் எண்ணெயும் சூடும் சேர்ந்து அதன் மேல் ஒரு கறுத்த படலம் படிந்திருக்கிறது. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து ஊற்றினால் முதல் தோசை ஒட்டும், பிய்யும். அதற்காக யாரும் கல்லைத் தூக்கிப் போடுவதில்லை. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் மூன்றாவது தோசை எழும்பி வரும். செய்யக்கூடாதது ஒன்று உண்டு. முதல் தோசை பிய்ந்த ஆத்திரத்தில் சோப்பும் கம்பிநாரும் போட்டுக் கல்லைப் பளபளவென்று தேய்ப்பது. தன்னைத்தானே திட்டிக்கொள்வது அந்தக் கம்பிநார். ஜனவரித் தீர்மானம் நான்ஸ்டிக் கல். முதல் நாள் எண்ணெயே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும், பொங்கலுக்குள் பூச்சு உரியும். சப்பாத்திக்கு வேறு கல் வேண்டும் என்று பாட்டிகள் சண்டை போடுவதும் இங்கே பொருந்தும்: காபிக்குப் பிந்திய அந்த நேரத்தில் கைபேசியைச் சுட ஆரம்பித்தால் நடை ஒட்டிக்கொள்ளும். ஊத்தப்பத்துக்கு இந்தக் கணக்கில் என்ன இடம் என்று கேட்காதீர்கள். நியூரான் துருப்பிடிப்பதில்லை, உவமையை அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம்.

ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு 'கிளிக்' வேண்டும். வெண்டி வுட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2005-இல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன மாணவர்களைக் கவனித்தார்கள். உடற்பயிற்சி, பத்திரிகை படிப்பது, டி.வி. பார்ப்பது மூன்றும் புது ஊரிலும் நீடிக்கின்றனவா? சூழல் பழையதைப் போலவே அமைந்தவர்களுக்கு நீடித்தன. சூழல் மாறிப்போனவர்களின் பழக்கம் உதிர்ந்தது. பிறகு அவர்கள் மனதில் நினைத்திருந்தால்தான் செய்தார்கள். நம் வாசகி பூங்காவுக்குப் போக ஆரம்பித்தபோது மாடியை மட்டும் விடவில்லை. காபிக்கு முன்பே கிளம்பியதால் காபி, மாடிப்படி, செடி என்ற வரிசையையே அறுத்துவிட்டார். ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றி, தினமும் அலாரமும் வைராக்கியமும் கேட்கிற ஒன்றை அங்கே மாட்டினார். முந்தையதற்குத் தீர்மானம் என்ற பெயர் இல்லாததால் அது கணக்கிலேயே வரவில்லை.

சரி, அறுந்த வரிசையைத் திரும்பக் கட்டியிருக்கலாமே, ஏன் முடியவில்லை? இங்கேதான் தன்னை நேசிப்பது என்ற விஷயம் வருகிறது. அந்தப் பேரில் மணக்கும் மெழுகுவத்தியும் முகப்பூச்சும் விற்கிறார்கள் என்பதால் எனக்கு அந்தச் சொற்றொடரைக் கேட்டாலே கொஞ்சம் ஒவ்வாமை. ஆனாலும் அதற்கடியில் பார்க்கத்தக்க சில சோதனைகள் உண்டு. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் கல்லூரிப் பெண்களுக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்‌ஷேக் வயிற்றில் இருந்ததால், குறைவாகவே எடுத்தார்கள். எப்போதும் உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள், மில்க்‌ஷேக் குடித்தபின் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! இன்றைய விரதம்தான் போய்விட்டதே. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? அவர்களைக் கவிழ்த்தது மில்க்‌ஷேக்கின் கலோரி இல்லை, விதி உடைந்துவிட்டது என்ற தீர்ப்பு.

2007-இல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் இதையே திருப்பிப் போட்டார்கள். முதலில் டோனட். பிறகு அதைச் சாப்பிட்டவர்களில் சிலரிடம் மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தை: எல்லோரும்தான் எப்போதாவது இதெல்லாம் சாப்பிடுகிறோம், இதற்காக உங்களை ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள். அடுத்து மிட்டாய்க் கிண்ணங்கள். கட்டுப்பாடு பேணும் பெண்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். இளக்காரம் கொடுத்தால் தலையில் ஏறும் என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது தலைகீழாகத்தான் படும். கனடாவில் 2010-இல் மாணவர்களிடம் பார்த்ததும் இதே திசையில்: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தன்னை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எல்லாம் சிறிய ஆய்வுகள், பெரும்பாலும் வட அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள். கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் தன்னைத் திட்டித் தீர்த்தவர் மறுநாள் ஒழுங்காக எழுந்து நடந்தார் என்று காட்டும் ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆகவே வாசகிக்குப் பதில். எண்ண வேண்டாம். அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள், அழுகிற முகத்தோடு. பூங்கா இருக்கட்டும், அது ஓடிப்போகாது. காபி குடித்ததும் டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். முதல் சில நாள் கால் தயங்கும். நடக்க மனமில்லாவிட்டால் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு இறங்குங்கள், வரிசை அறுபடாமல் இருந்தால் போதும். அடுத்த பொங்கலுக்கும் ஊருக்குப் போவீர்கள், அப்போதும் இரண்டு நாள் தவறும். அங்கேயும் காபி உண்டு, அநேகமாக மாடியும் உண்டு.

தீர்மானமே எடுக்கக்கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 1,066 பேரை ஒரு வருடம் தொடர்ந்தார்கள். ஒன்றைச் செய்வேன் என்றவர்களில் 59 சதவீதத்தினரும், ஒன்றை விடுவேன் என்றவர்களில் 47 சதவீதத்தினரும் வெற்றி என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களே சொல்லிக்கொண்டது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அதே ஆய்வில் மூன்று குழுக்கள் இருந்தன: பெரிதாக உதவி எதுவும் பெறாதவர்கள், ஓரளவு பெற்றவர்கள், இலக்கு வகுப்பது எப்படி என்ற பாடம் வரை விரிவாகப் பெற்றவர்கள். நடுக்குழுதான் மற்ற இரண்டையும் முந்தியது. இலக்கு வகுக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஜனவரியில் கட்டணம் வாங்கும் பயிற்சியாளர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கடைசித் தகவலை அவருக்கு அனுப்பிவையுங்கள்.