வீட்டிலேயே ரிக்கார்டிங்: கண்டன்சர் மைக் வாங்கப் போறீங்களா?



பாட்டுப் பாடுகிறவன் இல்லாத ஹாஸ்டல் ரூம் நம் காலேஜில் உண்டா? கானா பாடுகிறவன், கவிதை வாசிக்கிறவன், கீபோர்டு வாசிக்கிறவன் எல்லாரும் கடைசியில் நம் எலக்ட்ரானிக்ஸ் பசங்களிடம்தான் வந்து நிற்கிறார்கள். "மச்சி, விலை கம்மியா ஒரு நல்ல கண்டன்சர் மைக் சொல்லுடா." நாலு பேர் பாக்கெட் மணியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த காசு அது. தப்பான பெட்டியில் போட்டால் அடுத்த செமஸ்டர் வரை கை காலிதான். ஆகவே, கடைக்குப் போகுமுன் கொஞ்சம் தியரி பார்த்துவிடலாம்.

கண்டன்சர் என்பது லேபில் நாம் பார்க்கும் அதே கெப்பாசிட்டர்தான். ஒரு தகடு அசையாது. இன்னொன்று உலோகப் பூச்சுள்ள மெல்லிய படலம். குரல் பட்டால் அசையும். இடைவெளி மாறினால் கெப்பாசிட்டன்ஸ் மாறும். சார்ஜ் மாறாமல் இருந்தால் வோல்டேஜ் மாறும். அந்த வோல்டேஜ்தான் நம் பாட்டு! 1916-ல் அமெரிக்காவில் இ.சி. வென்டே கண்டுபிடித்த வித்தை இது.

"சார்ஜ் மாறாமல் இருந்தால்" என்றேனே, சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரின் மதிப்பு 60 பிகோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகா ஓம் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையரில் அதை நேராகக் கொடுத்தால் என்ன ஆகும்? 1/2πஆர்.சி. ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், சுமார் 2650 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாகத் தேய்ந்துவிடும். குரலின் கனமே போய்விடும் சார்! 1000 மெகா ஓம் வைத்தால் 2.65 ஹெர்ட்ஸ். பிரச்சினை தீர்ந்தது. இதற்காகத்தான் மைக்குக்குள்ளேயே ஒரு எஃப்.ஈ.டி. சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சோறு போடுவது 48 வோல்ட் ஃபான்டம் பவர். எக்ஸ்.எல்.ஆர். கேபிளின் 2, 3 ஆகிய இரண்டு பின்களிலும் தலா 6.8 கிலோ ஓம் வழியாக ஒரே வோல்டேஜ் போகிறது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் பூஜ்யம் என்பதால் குரல் சிக்னலுக்கு அது தெரியவே தெரியாது. 'பேய்' என்று பேர் வைத்தது சரிதானே!

1962-ல் பெல் லேபில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் படலத்திலேயே சார்ஜை நிரந்தரமாகத் தங்க வைத்தார்கள். அதுதான் எலக்ட்ரெட். சில பேர் எலக்ட்ரெட் என்றாலே மட்டம் என்பார்கள். அது தப்பு. நல்ல பெயர் எடுத்த ஆடியோ டெக்னிகா ஏ.டி.2020-யும் நிரந்தர சார்ஜ் வகைதான்.

பி.எம்.800 என்று பல பிராண்டுகளில் ஒரு மைக் மலிவாக வருகிறது. பெட்டி பெரிசு, உள்ளே பெரும்பாலும் சின்ன எலக்ட்ரெட் காப்ஸ்யூல். கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட் தரும் சில வோல்ட்டிலேயே ஓடிவிடும். அதைப் பார்த்துவிட்டு எல்லா கண்டன்சரையும் அப்படியே சொருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏ.டி.2020-க்கு 48 வோல்ட் கட்டாயம். ஆகவே மைக் விலையோடு ஆடியோ இன்டர்ஃபேஸ், கேபிள், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் விலையையும் கூட்டுங்கள். கை கடித்தால் அதே மாடலின் யு.எஸ்.பி. வகை இருக்கிறது.

இனி ஸ்பெசிஃபிகேஷன். 'செல்ஃப் நாய்ஸ்' என்பது மைக் தானாகப் போடும் இரைச்சல். ரோட் என்.டி.1-ஏ மைக்குக்கு 5 டெசிபல், ஏ.டி.2020-க்கு 20. "5 தானே பெஸ்ட்?" என்று கேட்பீர்கள். ஸ்டுடியோவில் பெஸ்ட். ஃபேன் ஓடி, வாசலில் பஸ் ஹாரன் அடிக்கும் ரூமில் இந்த இரண்டையும் விட ரூம் சத்தமே பெரிசு. அந்த 15 டெசிபலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். முதலில் ரூமைப் பாருங்கள். வெறும் சிமெண்டுச் சுவர் என்றால் பாடுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஜமுக்காளம், மெத்தை எதையாவது தொங்கவிடுங்கள். கார்டியாய்டு மைக் அந்தப் பக்கம் பார்த்துத்தானே நிற்கிறது. ஃபேனை அணையுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை! தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபல் ஏறும், ரூம் எதிரொலி ஏறாது. ஒரு ஜாண் தூரம் சரியாக இருக்கும். ரொம்ப ஒட்டினால் பாஸ் ஏறி 'கும்' என்று கேட்கும்.

எவ்வளவு செய்தும் ரூம் அடங்கவில்லையா? கண்டன்சர் ஆசையை விட்டுவிட்டு ஷூர் எஸ்.எம்.58 மாதிரி டைனமிக் மைக் வாங்கி வாய்க்கு அருகில் வைத்துப் பாடுங்கள். அதன் சிக்னல் ஏ.டி.2020-ஐ விடச் சுமார் 17 டெசிபல் குறைவு, இன்டர்ஃபேஸில் கெயின் தாராளமாக வேண்டும், அவ்வளவுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, இன்டர்ஃபேஸ் கைக்கு வந்ததும் ஃபான்டம் ஸ்விட்சைப் போட்டு, மைக் இல்லாமல், மல்டிமீட்டரை 1-க்கும் 2-க்கும் வையுங்கள். பிறகு 1-க்கும் 3-க்கும். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மைக்கை சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வையுங்கள். ஈரம் ஏறினால் அந்த 1000 மெகா ஓம் கசிந்து, மைக் 'பட் பட்' என்று பொரிய ஆரம்பித்துவிடும்.