சாம்பியக் கிராமத்தில் ஒரு வெளிநாட்டுத் தன்னார்வலர்

வடக்குச் சாம்பியாவில் பெம்பா மொழி பேசும் ஊர்களில் மண் சுவரும் புல் கூரையுமாக வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கும். அப்படி ஒரு வீட்டில்தான் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு அனுப்பும் தன்னார்வலர் குடியேறுகிறார். 1961இல் அதிபர் கென்னடி தொடங்கிய இந்த அமைப்பு சாம்பியாவுக்கு வந்தது 1994இல். பணிக்காலம் 27 மாதம். முதல் மூன்று மாதம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி மொழி பழக வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு தனிக்குடித்தனம். சம்பளம் கிடையாது; ஊர் மக்களைப் போல வாழ்வதற்கான படி உண்டு.

விடிந்ததும் முதல் வேலை தண்ணீர். அடிபம்புக்கோ கிணற்றுக்கோ போய் எடுத்துவந்து, குடிப்பதற்கானதை வடிகட்டிச் சுத்தப்படுத்த வேண்டும். இம்பவுலா என்கிற கரி அடுப்பு கனிந்து வருவதற்கே நேரமாகும். துவைப்பது, பெருக்குவது, சந்தைக்குச் சைக்கிள் மிதிப்பது என்று பாதி நாள் பிழைப்புக்கே போய்விடும். இரவில் கொசுவலை கட்டாயம். மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும்.

சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டிய ன்ஷிமா. நம் ஊர்க் களியைப் போல வலக்கையால் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, தொடுகறியை அள்ளிக்கொள்வார்கள். வேர்க்கடலைப் பொடியில் வெந்த கீரை, கபெண்டா என்னும் பொடிக் கருவாடு, பருவத்தில் கம்பளிப்புழு வறுவல் ஆகியவை தொடுகறிகள். விருந்தாளியாகப் போன இடத்தில் தட்டைத் தள்ளிவைப்பது அழகல்ல.

வந்தவரை ஊர் எடைபோடுவது அவருடைய படிப்பை வைத்து அல்ல, வணக்கம் சொல்லும் முறையை வைத்து. வழியில் எதிர்ப்படுபவரிடம் நின்று, வீட்டார் நலமும் விளைச்சலும் விசாரித்துவிட்டுத்தான் நகர வேண்டும். பெரியவர்கள் முன் உடலைத் தாழ்த்தி, மெல்லக் கை தட்டி வணங்குவது மரபு. தமிழைப் போலவே பெம்பாவிலும் மரியாதைப் பன்மை உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்து வருபவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். அவசரக்காரருக்கு இதெல்லாம் நேரவிரயமாகத் தோன்றும். உண்மையில் இதுவும் வேலையின் பகுதிதான்: முகம் தெரியாதவர் சொல்கிறார் என்பதற்காக யாரும் தம் நிலத்தில் மீன்குளம் வெட்டிவிடமாட்டார்கள்.

சாம்பியாவில் பல தன்னார்வலர்களின் பணி மீன்குளம்தான். இடத்தைப் பார்த்து, மண் நீரைத் தாங்குமா என்று சோதித்து, மண்வெட்டியாலேயே உழவர்கள் குளத்தை வெட்டுகிறார்கள். மூலையில் குச்சிகளால் வேலியடைத்துச் சாணமும் புல்லும் போட்டு மக்கவிட்டால் தண்ணீர் பச்சையாகும். அந்த நுண்பாசிதான் மீனுக்கு இரை. வளர்ப்பது திலேப்பியா, தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்று அறியப்படும் இனம். உரிய காலத்தில் பிடிக்காவிட்டால் குளத்திலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, இரை போதாமல் எல்லாமே சிறுத்துவிடும். இதைத் தன்னார்வலர் சொல்லிக்கொடுக்கலாம். குளத்தை வெட்டுவதும் காப்பதும் உழவரின் பாடு. வெளியிலிருந்து வருபவர் தாமே மண்வெட்டி பிடித்து வேலையை முடித்துக் கொடுத்தால், அவர் போனதும் குளம் தூர்ந்துபோக வாய்ப்பு அதிகம்.

வேலையின் வேகத்தை மழைதான் தீர்மானிக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். அதன் தொடக்கத்தில் எல்லாரும் வயலில் இருப்பதால் கூட்டம் கூட்ட ஆள் கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரியில் போன ஆண்டு மக்காச்சோளம் தீர்ந்து, புதியது விளையாமல் பல வீடுகளில் பஞ்சம். ஊரில் சாவு விழுந்தாலும் மற்ற வேலைகள் நின்றுவிடும். தன்னார்வலரும் துக்க வீட்டில் போய் உட்கார வேண்டும்.

வேலையே இல்லாத நாட்களும் நிறைய. தனிமைதான் பலரை வாட்டுகிறது. சிலர் காலம் முடியுமுன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 பேரை அமைப்பே மொத்தமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. பலருக்கு ஊராரிடம் சரியாக விடைபெறக்கூட அவகாசமில்லை. 2022 மார்ச்சில் தன்னார்வலர்கள் மறுபடி அனுப்பப்பட்டபோது, முதலில் அவர்களை ஏற்ற நாடுகளில் சாம்பியாவும் ஒன்று.