அயற்செடியைத் தடுக்கும் செடிகள்

புளியமரத்தின் கீழ்ப் பயிர் செழிப்பதில்லை என்பது நம் கமக்காரர் நெடுங்காலமாகக் கண்டறிந்தது. காரணம் நிழலோ? வேர்கள் நீரைக் கவர்ந்துகொள்வதோ? அன்றி, மரம் தன்னிடத்திருந்து யாதேனும் நஞ்சைக் கசியவிடுகின்றதோ? வினா எளிது; விடை எளிதன்று.

ஒரு தாவரம் தான் வெளிவிடும் இரசாயனப் பொருளால் அயலிலுள்ள தாவரத்தின் வளர்ச்சியைப் பாதித்தலை அல்லெலோபதி என்பர். இச்சொல்லை 1937 ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னாத் தாவரவியலறிஞராகிய ஹான்ஸ் மோலிஷ். சொல்தான் புதிது. அக்குரோட்டு மரத்தின் நிழல் தீங்கு தருவதென்று உரோமராகிய பிளினி கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

வட அமெரிக்காவிற்குரிய கரிய அக்குரோட்டே இத்துறையிற் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. அதன் வேர் படர்ந்த நிலத்தில் தக்காளி வாடுதலை மாசி என்பார் 1925 இல் வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின்னர், அம்மரத்தின் யூகுலோன் என்னும் பொருளைத் தக்காளித் தண்டினுட் செலுத்தி, அது நஞ்சாதலை டேவிஸ் காட்டினார். தன் நஞ்சினால் மரம் தான் மடியாதது எங்ஙனம்? மரத்தினுள்ளே இப்பொருள் பெரும்பாலும் தீங்கற்ற வேறொரு வடிவில் இருக்கின்றது. வெளிப்பட்டு ஒட்சியேற்றமடைந்த பின்னரே நஞ்சாகின்றது.

இனி, ஆய்வாளர் அனைவரும் கருத்தூன்றிக் கற்கவேண்டிய ஒரு வழக்கு உண்டு. கலிபோர்ணியாவில் சால்வியா முதலிய நறுமணப் புதர்களைச் சூழ, ஒன்றிரண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லற்ற வெறுநிலம் காணப்படும். அப்புதர்களின் இலைகளினின்று எழும் கர்ப்பூரம், சினியோல் என்பவற்றின் ஆவியே மண்ணிற் படிந்து விதைகளைத் தடுக்கின்றது என முல்லரும் அவர் துணைவரும் 1964 இல் விளக்கினர். ஆய்வுசாலையில் அவ்வாவி நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுத்தது. பலரும் வியந்து ஏற்றனர். 1970 இல் பார்தொலொமியு என்பார் அவ்வெறுநிலத்திற் கம்பிவலைக் கூடுகளை அமைத்தார். வலை ஆவியைத் தடுக்கமாட்டாது. முயல், எலி, பறவை ஆகியவற்றையே தடுக்கும். கூட்டினுள்ளே புல் முளைத்தது! பகைக்கு அஞ்சிப் புதரைவிட்டு நெடுந்தூரம் செல்லாத சிற்றுயிர்கள் அதன் ஓரத்தையே மேய்ந்து வெறுமையாக்கின என்பது அவர் முடிபு.

இதனால் இரசாயனத் தடை பொய்யென்று கொள்ளற்க. சோளத்தின் வேர் மயிர்கள் கசியவிடும் எண்ணெய்ப் பொருள் களைகளின் வளர்ச்சியைத் தடுப்பது பல ஆய்வுகளாற் காட்டப்பட்டுள்ளது. ஆயினும், இலையை அரைத்துச் சாறு வடித்து, விதைமேல் ஊற்றி, முளையாமை கண்டு முடிவு கூறுதல் நம் மாணவர் பலர் விரும்பும் பரிசோதனை. எனக்கு அதில் நிறைவில்லை. சாறு செறிந்ததாயின் எத்தனையோ இலைகள் விதையைத் தடுக்கும். அப்பொருள் இயற்கையில் வெளிப்படுகின்றதா, எவ்வளவு வெளிப்படுகின்றது, மண்ணுயிர்கள் அதனைச் சிதைக்குமுன் அயல்வேரை அடைகின்றதா என்பனவற்றை வயலிலேயே காணல் வேண்டும். நிழலையும் நீரையும் வேறுபிரித்து அளத்தலும் வேண்டும். கரிய அக்குரோட்டைப் பற்றியும் இவ்வினாக்களை இன்று எழுப்புவோர் உளர்.