கடப்பா கல் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதுசா கட்டுற தனி வீடுகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. கேட்டைத் திறந்ததும் கருப்புக் கல் தரை, நடுவுல ரெண்டு தொட்டி, ஓரமா ஒரு சின்னப் புல்வெளி. பார்க்க செம ரிச்சா இருக்கும். வெள்ளைக் கோலம் அந்தக் கருப்புல எடுப்பா தெரியும், சேறும் சட்டுனு தெரியாது. அதனால உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு வரலாம். "நீ இன்ஜினியரிங் படிக்கிற, என்ன கல் போடலாம்னு சொல்லு"ன்னு அப்பா கேட்டா, முழிக்காம பதில் சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, அது என்ன கல்?

கடையில "கருப்புக் கல்"னு கேட்டா பெரும்பாலும் ரெண்டு வகை காட்டுவாங்க.

ஒண்ணு கடப்பா கல். நம்ம வீட்டுச் சமையலறை ஷெல்ஃப்ல இருக்கிறது இதுதான். ஆந்திராவோட கடப்பா மாவட்டத்துலயும் அதை ஒட்டின பகுதிகள்லயும் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல். அடுக்கு அடுக்கா படிஞ்ச கல்ங்கிறதால பலகை மாதிரி சுலபமா பிரியும். விலை குறைவா இருக்க அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு கருப்பு கிரானைட். வியாபாரத்துலதான் இதுக்கு கிரானைட்னு பேர். ஜியாலஜி கணக்குல இதுல பல கல் டோலரைட், கேப்ரோ வகையைச் சேர்ந்தது. கடப்பாவை விட ரொம்பக் கடினம்.

சென்னைக்குன்னே சொந்தமா ஒரு கருங்கல்லும் இருக்கு. பல்லாவரம், பரங்கிமலை பக்கம் கிடைக்கிற அந்தப் பாறைக்கு சார்னோகைட்னு பேர். கொல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் இந்த வகைங்கிறதால, 1893-ல தாமஸ் ஹாலண்ட்ங்கிற ஜியாலஜிஸ்ட் அவர் பேரையே பாறைக்கு வெச்சாரு. உலகம் முழுக்க ஜியாலஜி புத்தகத்துல இருக்கிற ஒரு பாறையோட மூல இடம் நம்ம ஏர்போர்ட் பக்கத்துல இருக்கு!

கடைக்காரர் கொடுக்கிறது கடப்பாவா, கிரானைட்டான்னு சந்தேகமா? ஒரு சாம்பிள் துண்டுல எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் கழிச்சுத் துடைங்க. பளபளப்பு போய் மங்கலான தடம் விழுந்தா அது சுண்ணாம்புக்கல். கிரானைட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

வெயில் போடுற கணக்கு

இப்போ ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. மே மாசம் நடு மதியம் ஒரு சதுர மீட்டர் தரையில ஏறக்குறைய 1,000 வாட் சூரிய சக்தி விழுது. கருப்புக் கல் அதுல சுமார் 90 சதவீதத்தை உள்ளே இழுக்கும். வெளிர் நிறக் கல் ஏறக்குறைய 50 சதவீதம். வித்தியாசம் சதுர மீட்டருக்கு 400 வாட்.

உங்க முன்வாசல் 100 சதுர அடின்னு வெச்சுக்குவோம், அதாவது 9.3 சதுர மீட்டர். கருப்பு நிறத்தால மட்டும் கூடுதலா உள்ளே போறது சுமார் 3,700 வாட். ரெண்டு கீசரை வாசல்ல ஆன் பண்ணி வெச்ச மாதிரி. காத்தும் கதிர்வீச்சும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 20 வாட் வீதம் வெப்பத்தை வெளியேத்தும்னு எடுத்துக்கிட்டா, வெளிர் கல்லை விட கருப்புக் கல் 15 முதல் 20 டிகிரி வரை கூடுதலா சூடாகும். இது தோராயக் கணக்குதான். ஆனா 40 டிகிரி வெயில்ல கருப்புத் தரை 60-ஐத் தாண்டும்னு புரிஞ்சுக்க இது போதும். அதுல வெறுங்காலை சில நொடி கூட வைக்க முடியாது. சித்திரை மாசம் கோயில் பிரகாரத்துல தென்னை நார் விரிப்பு போடுறதும், நடக்கிற பாதைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறதும் இதுக்காகத்தான்.

நம்ம ஏரியாவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. மதியம் மெரினாவுக்கு வர்ற கடல் காத்து ஆவடி, பூந்தமல்லிக்கு லேட்டாத்தான் வந்து சேரும், சில நாள் வரவே வராது. கல்லு பகல் முழுக்க வாங்கின சூட்டை ராத்திரி வரைக்கும் மெதுவா விட்டுக்கிட்டே இருக்கும். பெட்ரூம் ஜன்னலுக்கு வெளியே கருப்புத் தரை இருந்தா, அந்த அனல் நேரா உள்ளேதான் வரும். செருப்பு போடாம துளசிக்குத் தண்ணி ஊத்தப் போற பாட்டி, தவழுற குழந்தை, கேட் பக்கத்துல படுக்கிற நாய், இவங்கதான் இதை முதல்ல அனுபவிப்பாங்க.

அப்போ எங்கே போடலாம்?

சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் நடு மதியச் சூரியன் உச்சந்தலைக்குக் கொஞ்சம் வடக்கேதான் நிக்கும். அதனால "வடக்குப் பக்கம் எப்பவும் நிழல்"ங்கிற நம்பிக்கை கோடையில இங்கே செல்லாது.

கருப்புக் கல்லுக்கு நல்ல இடம் போர்ட்டிகோவுக்குக் கீழே, அல்லது வீட்டோட கிழக்குப் பக்கம். மதியத்துக்கு மேல வீட்டு நிழலே அங்கே விழும். மேற்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில ஆசையா இருந்தா, முழுசும் பரப்பாம, வெளிர் கல்லுக்கு நடுவுல பார்டர் மாதிரி கொடுங்க. வேம்பு, புங்கை நிழலும் நல்லதுதான். ஆனா அடிமரத்தைச் சுத்தி மூணு அடியாவது மண்ணா விடுங்க. இல்லைன்னா வேர் கல்லைத் தூக்கிடும்.

நிழல்ல ஒரு பிரச்சனையும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில பாசி பிடிக்கும். பாலிஷ் போட்ட கல்லுன்னா வழுக்கி விழ அதுவே போதும். அதனால வெளியில பாலிஷ் கல் வேண்டாம். அம்மி கொத்துற மாதிரி மேல கொத்திவிட்ட கல்லோ, தீயில வாட்டிச் சொரசொரப்பாக்கின கிரானைட்டோ கேளுங்க.

மழை போடுற கணக்கு

என்னைக் கேட்டா, கல்லோட நிறத்தை விட அதை எப்படிப் பதிக்கிறோம்ங்கிறதுதான் பெரிய விஷயம். ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் மழை நமக்குப் புதுசு இல்லை. அந்த மழை 100 சதுர அடியில விழுந்தா 930 லிட்டர் தண்ணி, அதாவது 46 வாட்டர் கேன். கல்லுக்கு அடியில கான்கிரீட் போட்டு, இடுக்கை எல்லாம் சிமென்ட்ல அடைச்சா அவ்வளவும் தெருவுக்குத்தான் போகும். உங்க தெரு முழுக்க இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்க.

2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணியைத் திறந்துவிட்டதையும் பார்த்தோம், 2019 கோடையில அதே ஏரி வறண்டு கிடந்ததையும் பார்த்தோம். 2003-லயே தமிழ்நாட்டுல கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. மொட்டை மாடித் தண்ணியைக் குழாய் வெச்சுத் தொட்டிக்குக் கொண்டுபோயிட்டு, வாசலை மட்டும் சீல் பண்ணினா பாதி வேலைதான் முடிஞ்ச கணக்கு.

மேஸ்திரிகிட்ட இப்படிச் சொல்லுங்க:

- மண்ணை இறுக்கி, மேல 4 முதல் 6 இன்ச் முக்கால் ஜல்லி, அதுக்கு மேல 2 இன்ச் பேபி ஜல்லி. கான்கிரீட் வேண்டாம்.
- நடக்கிற இடத்துக்குக் கல் 40 மில்லிமீட்டர் கனமாவது இருக்கணும். கார் ஏறும்னா இன்னும் கனம் வேணும்.
- கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல 2 இன்ச் இடைவெளி. அதுல புல் அல்லது சின்னக் கூழாங்கல். சிமென்ட் பாயிண்டிங் வேண்டாம்.
- 10 அடிக்கு ஒன்றரை முதல் ரெண்டு இன்ச் வாட்டம், தெருவைப் பார்க்காம தோட்டத்தைப் பார்த்து.

களிமண் தரையா இருந்தா தண்ணி மெதுவாத்தான் இறங்கும். அப்போ வாட்டம் முடியிற இடத்துல ஒரு சின்ன உறிஞ்சு குழி எடுத்து ஜல்லி நிரப்பிடுங்க.

ஆசிட் பாட்டிலை எடுக்காதீங்க

போர் தண்ணி உப்பா இருக்கிற வீடுகள்ல, கழுவக் கழுவக் கருப்புக் கல் மேல வெள்ளையா ஒரு படலம் சேரும். உடனே யாராவது பாத்ரூம் ஆசிட்டை ஊத்துவாங்க. அந்தப் படலத்துல பெரும்பாலும் இருக்கிறது கால்சியம் கார்பனேட். கடப்பா கல்லும் அதேதான்! ஆசிட் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காது, சேர்த்துக் கரைச்சிடும். முன்னைவிட மோசமா வெளுத்துப்போகும். சாதாரண சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போதும். கழுவினதும் தண்ணியைத் தேங்க விடாம தள்ளிடுங்க.

இனி அப்பா கேட்டா, நீங்க திருப்பி மூணு கேள்வி கேளுங்க. அந்த இடத்துல மதியம் ரெண்டு மணிக்கு நிழல் இருக்கா? மழைத் தண்ணி எங்கே போகும்? அங்கே வெறுங்காலோட நடக்கப்போறது யாரு? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு கல் கடைக்குக் கிளம்புங்க. முடிஞ்சா மே மாசம், மதியம் ரெண்டு மணிக்கே போங்க. வெளியில வெயில்ல சாத்தி வெச்சிருக்கிற சாம்பிள் மேல லேசா கையை வெச்சுப் பார்த்தாலே மீதி புரிஞ்சிடும்.